நால்வரின் வஃபாத்தும் நமது கணக்கும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனது ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

    

ஆண்டுக் கூட்டம் என்றாலே கணக்குதான் நம் நினைவுக்கு வருகின்றது. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று கேட்கின்றோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் மனிதனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மௌத்தோடு மூடப்பட்டுவிடுமோ என்று நாம் அஞ்சுகின்ற அந்தக் கணக்கு, மூன்று வழிகளில் மட்டும் திறந்தே இருக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். நிலைத்து நிற்கும் தர்மம், பிறருக்குப் பயன்படும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை என்பவையே அம்மூன்று. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை அறியாதவர் நம்மில் எவரும் இலர். ஜனாஸா வீடுகளில் பலமுறை கேட்டிருக்கின்றோம்.

ஆயினும், அது நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்பதைச் சில மனிதர்களின் வாழ்விலிருந்து காண்பது நமது உள்ளத்தில் இன்னும் ஆழமாகப் பதியும். எனவே ஹிஜ்ரீ ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், 676 முதல் 689 வரையிலான, அதாவது கி.பி. 1277 முதல் 1290 வரையிலான 13 ஆண்டுகளில், ஷாம் நாட்டிலும் மிஸ்ரிலும் மறைந்த நால்வரை இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம். ஒருவர் காழி. ஒருவர் ஃபிக்ஹுக் கலை இமாம். ஒருவர் மருத்துவர். ஒருவர் அரசர்.

அழிவுக்குப் பின் வந்த தலைமுறை

இவர்கள் வாழ்ந்த காலம் எத்தகையது என்பதை முதலில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஹிஜ்ரீ 656இல் (கி.பி. 1258) ஹுலாகூவின் தலைமையில் வந்த தாத்தாரியர் பக்தாத் மாநகரை அழித்தனர். ஐந்நூறு ஆண்டுகளாக நிலைபெற்றிருந்த அப்பாஸிய கிலாஃபத் வீழ்ந்தது. கலீஃபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1260இல், ஹலபும் திமிஷ்க் எனும் டமாஸ்கஸும் அவர்களின் கைக்குச் சென்றன. அதே ஆண்டு ரமளானில் ஐன் ஜாலூத் எனும் இடத்தில் மிஸ்ரின் மம்லூக் படையினர் தாத்தாரியரை முறியடித்த பின்னரே டமாஸ்கஸ் மீண்டது. அதன் பிறகும் எல்லையில் அச்சம் நீங்கவில்லை. ஒருபுறம் தாத்தாரியர், மறுபுறம் கடற்கரையோரக் கோட்டைகளில் சிலுவைப் படையினர்.

நமது காலம் கெட்டுவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்று கூறிக்கொண்டு கைகட்டி அமர்வதற்கு எந்தத் தலைமுறைக்கேனும் நியாயம் இருந்தது என்றால், அது இந்தத் தலைமுறைக்கே இருந்தது. ஆனால் அவர்கள் அவ்வாறு அமரவில்லை. எழுதினர், கற்பித்தனர், கட்டினர், வக்ஃபு செய்தனர். இன்று நாம் ஓதும் கிதாபுகளில் பல அந்த அச்சம் சூழ்ந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவை என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

மரண நாள்களைத் தேடியவர்

முதலாமவர் காழி இப்னு கல்லிகான் (ரஹ்) அவர்கள். இன்றைய இராக்கிலுள்ள இர்பில் நகரில் ஹிஜ்ரீ 608இல் (கி.பி. 1211) பிறந்தவர். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த பேரறிஞர். அவர் எழுதிய பெருநூலின் பெயர் ‘வஃபயாத்துல் அஃயான்’. முக்கியமானவர்களின் மரணங்கள் என்பது அதன் பொருள். 800க்கும் மேற்பட்டோரின் வரலாறு அதில் அகர வரிசையில் அமைந்துள்ளது. ஆலிம்கள், அரசர்கள், அமைச்சர்கள், கவிஞர்கள், மருத்துவர்கள் என எல்லாத் தரப்பினரும் அதில் உள்ளனர்.

அந்நூலில் அவர் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டார். எவருடைய மரண நாள் தமக்கு உறுதியாகக் கிடைத்ததோ அவரையே நூலில் சேர்ப்பது என்பது அந்தக் கட்டுப்பாடு. இதற்காக நூல்களைப் புரட்டினார்; அறிந்தவர்களைத் தேடிக் கேட்டார்; ஒரு பெயரை எவ்வாறு உச்சரிக்க வேண்டும் என்பதைக்கூட எழுத்தெழுத்தாக விளக்கினார். மறைந்த மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுவதும் ஓர் அமானிதம் என்று அவர் கருதியதையே இது காட்டுகின்றது.

ஹிஜ்ரீ 654இல் கெய்ரோவில் அந்நூலைத் தொடங்கினார். ஹிஜ்ரீ 659இல் டமாஸ்கஸின் தலைமைக் காழியாக நியமிக்கப்பட்டார். அலுவல் மிகுந்தது, நூல் நின்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 669இல், அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கெய்ரோவுக்குத் திரும்பி மத்ரஸாவில் பாடம் நடத்தினார். நின்றுபோன நூலை மீண்டும் கையிலெடுத்து 672இல் (கி.பி. 1274) நிறைவு செய்தார். பின்னர் மீண்டும் டமாஸ்கஸின் காழியானார், மீண்டும் நீக்கப்பட்டார். ஹிஜ்ரீ 681 ரஜபு மாதத்தில், கி.பி. 1282 அக்டோபர் இறுதியில், டமாஸ்கஸில் வஃபாத்தானார்.

அன்பிற்குரியோரே! பதவியில் இருந்த பத்தாண்டுகளில் முடியாத பணி, பதவி போன பின் மூன்றே ஆண்டுகளில் முடிந்தது. நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர்கள் பொறுப்பு மாறியதும் பள்ளியின் பக்கமே வராதிருப்பதை நாம் பல ஊர்களில் காண்கின்றோம். பதவி போனால் பணியும் போய்விட்டது என்று எண்ணுவது சரியன்று. அவரிடமிருந்து காழிப் பதவியை இரண்டு முறை பறித்தார்கள். பேனாவை எவரும் பறிக்கவில்லை. அவர் எந்தெந்த வழக்குகளில் என்ன தீர்ப்பு வழங்கினார் என்பதை இன்று எவரும் பேசுவதில்லை. அந்த நூலோ அரபு வரலாற்றைப் படிக்கும் எவரும் தவிர்க்க முடியாத நூலாக நிற்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் டி ஸ்லேன் என்ற அறிஞர் அதனை நான்கு தொகுதிகளாக ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

மரண நாள்களைத் தேடித் தொகுத்தவரின் மரண நாளைப் பின்வந்தவர்கள் எழுதினர். அவர் விட்டுவிட்டவர்களைச் சேர்த்து இப்னு ஷாகிர் அல்குதுபீ என்பவர் மறு நூற்றாண்டில் ஒரு தொடர்நூலே எழுதினார்.

நமது ஜமாஅத்திலும் மௌத்துப் பதிவேடு உண்டு. பெயர், தகப்பனார் பெயர், தேதி ஆகிய மூன்றும் அதில் உள்ளன. அத்துடன் ஒரு வரி சேர்த்தால் என்ன? இவர் இத்தனை ஆண்டுகள் மக்தபில் குர்ஆன் ஓதிக் கொடுத்தார்; இந்த அம்மையார் ஊர்ப் பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டிவந்தார்; இவர் கிணறு வெட்டிக் கொடுத்தார் என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். உறுதியாகத் தெரிந்ததை மட்டும், மிகையின்றி எழுத வேண்டும். நாளை நமது பேரப்பிள்ளைகளுக்கு இந்த ஊர் எவரால் நின்றது என்பதை அது சொல்லும்.

நவா தந்த இமாம்

இரண்டாமவரின் பெயரைச் சொல்லும்போதே உலமாக்களின் உள்ளம் கனிந்துவிடும். இமாம் முஹ்யித்தீன் யஹ்யா அந்நவவீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரீ 631 முஹர்ரம் மாதத்தில் (கி.பி. 1233) டமாஸ்கஸுக்குத் தெற்கே ஹவ்ரான் பகுதியிலுள்ள நவா எனும் சிற்றூரில் பிறந்தார்கள். தந்தையார் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். சிறுவர்கள் விளையாட வருமாறு வற்புறுத்தினால், அழுதுகொண்டே விலகி ஓடிக் குர்ஆன் ஓதும் பிள்ளையாக இருந்தார்கள் என்று அக்காலப் பெரியவர் ஒருவர் கூறியுள்ளார்.

ஹிஜ்ரீ 649இல் தந்தையார் அவர்களை டமாஸ்கஸுக்கு அழைத்து வந்தார். அப்போது வயது பதினெட்டைக் கடந்திருந்தது. ரவாஹிய்யா மத்ரஸாவில் தங்க ஒரு சிற்றறை கிடைத்தது. ஷாஃபிஈ மத்ஹபின் ‘தன்பீஹ்’ எனும் நூலை நான்கரை மாதங்களில் மனனம் செய்தார்கள். நாளொன்றுக்கு 12 பாடங்களை ஆசிரியர்களிடம் ஓதினார்கள். இவ்விவரங்களையெல்லாம் அவர்களின் அணுக்க மாணவர் இப்னுல் அத்தார் (ரஹ்) எழுதி வைத்துள்ளார்.

இடையில் மருத்துவம் கற்கும் எண்ணம் அவர்களுக்கு ஏற்பட்டது. இப்னு ஸீனாவின் ‘கானூன்’ எனும் மருத்துவப் பெருநூலை விலைக்கு வாங்கினார்கள். வாங்கிய நாள் முதல் உள்ளத்தில் ஒருவித இருள் சூழ்ந்தது; எந்த வேலையும் ஓடவில்லை. தமது வழி இதுவன்று என்று உணர்ந்து அந்நூலை விற்றுவிட்டார்கள், உள்ளம் தெளிந்தது. இதனைக் கொண்டு மருத்துவக் கல்வியைக் குறைத்து மதிப்பிடுபவர் தவறாக விளங்கிக்கொண்டவராவார். அதே காலத்தில், அதே மத்ஹபைச் சார்ந்த இன்னொருவருக்கு அதே ‘கானூன்’தான் வாழ்வின் வழியாயிற்று. அவரைப் பிறகு காண்போம்.

ஹிஜ்ரீ 665இல் டமாஸ்கஸின் புகழ்பெற்ற தாருல் ஹதீஸ் அல்அஷ்ரஃபிய்யாவின் தலைமைப் பொறுப்பு இமாமவர்களிடம் வந்தது. அங்கே தமக்குரிய ஊதியத்திலிருந்து ஒரு திர்ஹமும் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. அது சேர்ந்ததும் அதனைக் கொண்டு நூல்கள் முதலியவை வாங்கி அந்த நிறுவனத்திற்கே வக்ஃபு செய்தார்கள். உணவு நவாவிலிருந்து பெற்றோர் அனுப்பியதுதான்.

டமாஸ்கஸ் பழங்களுக்குப் பெயர் போன ஊர். ஆனால் இமாமவர்கள் அவ்வூர்ப் பழங்களை உண்பதில்லை. மாணவர் காரணம் கேட்டார். இவ்வூரில் வக்ஃபு நிலங்களும், அநாதைகள் போன்று பிறரின் பொறுப்பில் உள்ளவர்களின் சொத்துகளும் மிகுதி. உரியவர்களின் நலனுக்கு ஏற்றவாறு அன்றி அவற்றைக் கையாளுவது கூடாது. தோட்டங்களைப் பங்குக்கு விடும் முறையிலும் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்படியிருக்க எனது மனம் எவ்வாறு ஒப்பும் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். வக்ஃபுச் சொத்தின் ஒரு பழம் தம் வயிற்றுக்குள் உரிமையின்றிச் சென்றுவிடுமோ என்று அஞ்சிய மனிதர் அவர்.

தமது விஷயத்தில் அவ்வாறு அஞ்சியவர் அரசனுக்கு அஞ்சவில்லை. ஐன் ஜாலூத் போரில் பங்குபெற்று, பின்னர் சுல்தானாகிய பைபர்ஸ், டமாஸ்கஸைச் சூழ்ந்த கூத்தா தோட்டங்களை உரிமையாளர்களிடமிருந்து கைப்பற்ற முனைந்தபோது, இமாமவர்கள் மக்களுக்காகக் கடிதம் எழுதினார்கள். அக்கடிதங்களை இப்னுல் அத்தார் பாதுகாத்து வைத்துள்ளார். போர்ச் செலவுக்காக மக்களிடம் வரி வாங்க ஃபத்வா கேட்கப்பட்டபோது, அரண்மனைப் பணியாளர்களின் பொன் கச்சைகளும் அடிமைப் பெண்களின் நகைகளும் பொதுக் கருவூலத்திற்கு வரட்டும், அதன் பின் மக்களிடம் கேட்கலாம் என்று கையொப்பமிட மறுத்ததாக வரலாற்று நூல்களில் கூறப்படுகின்றது.

ஹிஜ்ரீ 676இல் தம்மிடம் இருந்த வக்ஃபு நூல்கள் அனைத்தையும் உரிய இடங்களில் திருப்பி ஒப்படைத்தார்கள். ஆசிரியர்களின் கப்ருகளை ஸியாரத் செய்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்று நவாவுக்குத் திரும்பினார்கள். அங்கே தந்தையாரின் இல்லத்தில் நோயுற்று, ரஜபு 24ஆம் நாள், கி.பி. 1277 டிசம்பரில் வஃபாத்தானார்கள். ஹிஜ்ரீ கணக்கில் வயது 45. சுல்தான் பைபர்ஸும் அதே ஹிஜ்ரீ ஆண்டின் முதல் மாதத்தில்தான் மறைந்தார்.

இமாமவர்கள் மணம் முடிக்கவில்லை, பிள்ளை இல்லை. ஆனால் ஆசிரியரின் வாழ்வை எழுதி, கடிதங்களைக் காத்து, நூல்களைப் பரப்பிய இப்னுல் அத்தார் செய்தது ஒரு பிள்ளையின் வேலையல்லவா? ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ 670இல் நிறைவுற்றது. ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ 669இல். ‘அர்பஈன்’ 668இல், நாற்பது என்று பெயர் இருந்தாலும் 42 ஹதீஸ்கள் கொண்டது. ‘அல்அத்கார்’, ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரை ஆகியவற்றையும் உலகமே ஓதுகின்றது. ஷாஃபிஈ மத்ஹபைப் பயிலும் நமது தமிழக, கேரள மாணவர்கள் இன்றும் மின்ஹாஜின் விரிவுரையான ‘மஹல்லி’யை ஓதுகின்றனர். நாம் தொழுகையில் கைகட்டும் இடம் முதல் ஜனாஸாவின் சட்டம் வரை அந்தச் சிற்றறையிலிருந்து வந்த தெளிவு கலந்திருக்கின்றது.

2015ஆம் ஆண்டு சிரிய உள்நாட்டுப் போரின்போது நவாவிலிருந்த அவர்களின் அடக்கத்தலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. செய்தி கேட்டு நமது உள்ளங்கள் வெந்தன. ஆனால் அன்று அஸருக்குப் பின் உலகின் எத்தனையோ பள்ளிவாசல்களில் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ வழக்கம்போல் வாசிக்கப்பட்டுத்தான் இருக்கும். கல்லால் கட்டியதை இடிக்கலாம். உள்ளங்களில் கட்டியதை எந்த வெடியும் எட்டாது.

சுவரை நோக்கி அமர்ந்து எழுதிய மருத்துவர்

மூன்றாமவர் அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள். டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து, அங்கே நூருத்தீன் ஸங்கி (ரஹ்) நிறுவிய நூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றவர். பின்னர் கெய்ரோ சென்று மிஸ்ரின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். அதே நகரில் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹுப் பாடமும் நடத்தினார். இமாம் நவவீ (ரஹ்) மனனம் செய்த அதே ‘தன்பீஹ்’ நூலுக்கு இவர் விரிவுரை எழுதத் தொடங்கினார். மார்க்கக் கல்வி ஒருபுறம், உலகக் கல்வி மறுபுறம் என்று சுவர் எழுப்புவோர் இவரது வாழ்வைப் பார்க்கட்டும்.

எழுத அமர்ந்தால் கூர் சீவிய பேனாக்கள் முன்னே வைக்கப்படும். சுவரை நோக்கித் திரும்பி அமர்ந்து, எந்த நூலையும் பாராமல் மனத்திலிருந்தே எழுதிச் செல்வார். ஒருமுறை குளியல் கூடத்தில் பாதிக் குளியலில் எழுந்து வெளியே வந்து, மையும் தாளும் கேட்டு, நாடித்துடிப்பு பற்றி ஒரு சிறுநூலை எழுதி முடித்துவிட்டு மீண்டும் குளிக்கச் சென்றாராம்.

இமாம் நவவீ அவர்கள் விற்றுவிட்ட அதே ‘கானூன்’ நூலின் உடற்கூறு பகுதிக்கு இவர் கி.பி. 1242இல் ஒரு விரிவுரை எழுதினார். இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே இரத்தம் செல்கின்றது என்று கிரேக்க மருத்துவர் காலன் காலம் தொட்டு ஆயிரம் ஆண்டுகளாக நம்பப்பட்டு வந்தது. இப்னு ஸீனாவும் அதனை ஏற்றிருந்தார். இப்னுந் நஃபீஸ் மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது. அதில் துளை ஏதுமில்லை. இரத்தம் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பிறகே இடப்புறத்திற்கு வருகின்றது என்று எழுதினார். ஆசான் எவ்வளவு பெரியவராயினும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற துணிவு அதில் இருந்தது. ஆசானை இழிவுபடுத்தும் சொல் எதுவும் இல்லை.

இதே உண்மையை ஐரோப்பாவில் ஸெர்வீட்டஸ் 1553இலும், கொலம்போ 1559இலும் எழுதினர். உடல் முழுவதும் இரத்தம் சுழன்றோடுவதை ஹார்வி 1628இல் நிறுவினார். அப்போதெல்லாம் இப்னுந் நஃபீஸின் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். ஜெர்மனியில் பயின்ற முஹ்யித்தீன் அத்தத்தாவீ என்ற எகிப்திய மாணவர் 1924இல் பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்த பின்னரே உலகம் இதனை அறிந்தது. எழுதப்பட்டு ஏறத்தாழ 680 ஆண்டுகள் கடந்திருந்தன.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். கல்வி எழுதப்பட்டால் மட்டும் போதாது. அதனைத் திறந்து படிக்க ஒரு கை வேண்டும். நமது முன்னோர்களின் அறிவு அலமாரியில் பூட்டிக் கிடந்ததற்கு எந்தத் தாத்தாரியர் காரணம்? ஒரே ஒரு மாணவர் திறந்து படித்தார். ஓர் அறிஞரின் கணக்கு மீண்டும் ஓடத் தொடங்கிற்று.

‘ஷாமில்’ எனும் மருத்துவக் களஞ்சியத்தை 300 தொகுதிகளாக எழுதத் திட்டமிட்டு 80ஐ முடித்தார். இமாம் நவவீ அவர்களின் ‘மஜ்மூஉ’ம் முடிவுறாத நூலே. முடிக்க முடியுமா என்று எண்ணி இருவரும் தொடங்காமல் இருக்கவில்லை.

ஹிஜ்ரீ 687இல் (கி.பி. 1288 டிசம்பர்) கடைசி நோயின்போது மருந்தாக மதுவை அருந்துமாறு உடனிருந்த மருத்துவர்கள் கூறினர். வயிற்றில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். தமது வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவில் அப்போது புதிதாக எழுந்திருந்த மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபு செய்துவிட்டு மறைந்தார்.

ஆயிரம் தீனாருக்கு விலைபோனவர்

அந்த மருத்துவமனையைக் கட்டியவரே நான்காமவர், சுல்தான் மன்ஸூர் கலாவூன். ஆயிரம் தீனாருக்கு விற்கப்பட்ட அடிமை. அதனால் ‘அல்அல்ஃபீ’, ஆயிரத்தவர், என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அமீராக இருந்த காலத்தில் டமாஸ்கஸில் கடும் வயிற்று வலியால் துடித்தபோது, நூரி மருத்துவமனையிலிருந்து வந்த மருந்தே அவரைக் குணப்படுத்தியது. அங்கே சென்று கண்டு வியந்து, அல்லாஹ் ஆட்சியைத் தந்தால் இது போன்றதைக் கட்டுவேன் என்று நேர்ச்சை செய்தார். 1279இல் சுல்தானானார். 1284, 85ஆம் ஆண்டுகளில் கெய்ரோவின் நடுவே மருத்துவமனையும் மத்ரஸாவும் எழுந்தன.

காய்ச்சலுக்கு ஒரு கூடம், கண் நோய்க்கு ஒரு கூடம், காயமுற்றோருக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியிடம், மருந்துச் சாலை, சமையற்கூடம், தலைமை மருத்துவர் பாடம் நடத்த ஓரிடம் என அதன் அமைப்பை வரலாற்றாசிரியர் மக்ரீஸீ விவரிக்கின்றார். அரசர், ஏழை, அடிமை, சுதந்திரமானவர், ஆண், பெண் என்ற வேறுபாடு அங்கே இல்லை. கட்டணமும் இல்லை.

நூரி மருத்துவமனையை நிறுவிய நூருத்தீன் ஸங்கி (ரஹ்) 1174இல் மறைந்தார். அவரது தர்மம் அடுத்த நூற்றாண்டில் ஒரு மருத்துவரை உருவாக்கிற்று. ஓர் அமீரின் நோயைத் தீர்த்தது. அந்த அமீர் கெய்ரோவில் மருத்துவமனை கட்டினார். அந்த மருத்துவர் அதற்குத் தம் வீட்டைக் கொடுத்தார். நூரி மருத்துவமனையில் பாடம் நடத்திய தக்வார் என்ற ஆசிரியரும் 1230இல் மறையும் முன் தமது வீட்டை மருத்துவ மத்ரஸாவாக வக்ஃபு செய்திருந்தார். ஆசிரியர் செய்ததையே மாணவர் இப்னுந் நஃபீஸும் செய்தார். ஒரு தர்மம் இன்னொரு தர்மத்தைப் பெற்றெடுக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும், வரலாறு மறைக்காத ஒன்றை நாமும் மறைக்கலாகாது. அக்கட்டடத்தை விரைந்து எழுப்புவதற்காக வழிப்போக்கர்களைக்கூடப் பிடித்து வேலை வாங்கினர் என்றும், அங்கே தொழலாமா என்று உலமாக்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டது என்றும் அதே மக்ரீஸீ எழுதுகின்றார். நோக்கம் நல்லதாயினும் வழியும் நல்லதாக இருக்க வேண்டும் என்று அன்றே மக்கள் கேட்டனர். 1290 நவம்பரில், அக்கா நகரை நோக்கிப் படையெடுக்கப் புறப்பட்ட நிலையில் கலாவூன் மறைந்தார். நன்மை, தீமை இரண்டையும் அறிந்தவன் அல்லாஹ்.

நமது கணக்கு

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! நால்வரின் வாழ்விலிருந்து நமது ஜமாஅத்திற்கு மூன்று செய்திகள் உள்ளன. அவற்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுவது நமது கடமை.

முதலாவது, வக்ஃபின் பரிசுத்தம். பள்ளிவாசலுக்காக முன்னோர் எழுதிவைத்த கடைகளிலும் வீடுகளிலும் பல்லாண்டுக்கு முந்திய வாடகையிலேயே இருந்துகொண்டு, பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியைக்கூடக் கொடுக்காதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். நமதூரும் இதற்கு விலக்கன்று. வாடகையை உயர்த்திக் கேட்டால் உறவு முறிகின்றது, நிர்வாகிகள் தயங்குகின்றனர். ஒரு பழத்தை உண்ண அஞ்சிய இமாமின் மத்ஹபில் நாம் இருக்கின்றோம். அந்த வாடகையில் மக்தப் பிள்ளைகளின் கல்வியும், விதவைகளின் உதவித்தொகையும் அடங்கியிருக்கின்றன. எவரும் கேட்கும் முன்னர் நியாயமான வாடகையைத் தாமே முன்வந்து கொடுப்பவர் தமது வாழ்வாதாரத்தை ஹலாலாக்கிக்கொள்கின்றார். நிர்வாகிகளுக்கும் தர்மசங்கடத்தைத் தவிர்க்கின்றார். உண்மையிலேயே இயலாதவர் இருந்தால், அவருக்கு வேறு நிதியிலிருந்து உதவுவோம். வக்ஃபைக் குறைத்து உதவ நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது, பூட்டிய அலமாரி. பள்ளிவாசல் மாடியிலுள்ள கிதாபுகளும் தமிழ் நூல்களும் வாரத்தில் சில நாள்களேனும் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் திறந்திருக்கட்டும். பொறுப்பேற்க இரண்டு இளைஞர்கள் போதும். பள்ளிக்கூடப் பாடநூல்களும், போட்டித் தேர்வு நூல்களும் அங்கேயே இடம்பெறட்டும். ‘தன்பீஹ்’ ஓதியவரே இதயத்தையும் ஆராய்ந்தார் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். எந்தப் பிள்ளை எதற்காகப் படைக்கப்பட்டுள்ளது என்பதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு இருளைத் தந்த நூல் இன்னொருவருக்கு ஒளியைத் தந்தது. நமது ஆசைக்காகப் பிள்ளையை அதற்குப் பொருந்தாத படிப்பில் தள்ளுவது நன்மையன்று.

மூன்றாவது, தொடங்குதல். பெருந்தொகை சேரட்டும், பெரிய கட்டடம் வரட்டும் என்று காத்திருந்தால் நமது பெயர் மௌத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். 300 தொகுதிகளில் 80தான் முடிந்தன. ஆனால் 80 முடிந்தன. ஒரு மாணவியின் ஓராண்டுக் கல்விக் கட்டணம், ஒரு நோயாளியின் ஒரு மாத மருந்து என நம்மால் இயன்றதை இவ்வாண்டே தொடங்குவோம். விட்டதைத் தொடர்வதற்கு அல்லாஹ் வேறொருவரை அனுப்புவான்.

பெருமக்களே! அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் நம்மில் எவர் அமர்ந்திருப்பார், எவருடைய பெயர் அறிக்கையில் வாசிக்கப்படும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். இமாம் நவவீ அவர்கள் இரவல் வாங்கிய நூல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியதைப் போன்று, நம் மீதுள்ள அமானிதங்களை முதலில் தீர்த்துவிடுவோம். பிறகு, நாம் சென்ற பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கையாவது திறந்து வைத்துச் செல்வோம்.

யா அல்லாஹ்! மறைந்த அந்த நல்லடியார்களின் தரஜாக்களை உயர்த்துவாயாக! நமது ஜமாஅத்தில் மறைந்தோர் அனைவரின் பிழைகளையும் பொறுத்தருள்வாயாக! எங்கள் பொருளை ஹலாலாகவும், எங்கள் கல்வியைப் பயனுள்ளதாகவும், எங்கள் பிள்ளைகளை எங்களுக்காகக் கையேந்துபவர்களாகவும் ஆக்கியருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.